சங்குக்கு அசையாத பிள்ளை

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில், காது பார்க்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் இடம் இருந்தும் கலியபெருமாள் உட்காரவில்லை. அவர் மனைவி அன்னக்கிளியின் மடியில், பிறந்து ஒரு மாதமான பெண்குழந்தை பால் குடித்துவிட்டு அசந்து தூங்கியது.

"வீட்டுக்குப் பின்னாலயே மில்லு. நேத்துகூட சங்கு அந்த ஊது ஊதுது, கண்ணு தொறக்கலியே" என்றார் மறுபடியும். முத்தியால்பேட்டையில் பஸ் ஏறியதிலிருந்து இதே பேச்சுதான். அவர் பேசினால் தெருவுக்கே கேட்கும். தறிக்கூடத்தில் கத்திக் கத்தியே பழகிய தொண்டை.

'மெதுவா' என்று அன்னக்கிளி உதட்டை மட்டும் அசைத்தாள். தறிச் சத்தத்தில் குரல் எடுபடாது. மில்லில் எல்லோருக்கும் உதட்டைப் பார்த்தே பேச வரும். நூல் சுற்றும் பிரிவில் வேலை செய்த அவள், வீட்டிலும் பாதி அப்படித்தான் பேசுவாள். அவளுக்கும் அதே பயம்தான். பொம்பளைப் பிள்ளை, காதும் கேட்காமல் பேச்சும் வராமல் போனால்?

அவர்களை உள்ளே கூப்பிட்ட டாக்டரம்மா ஃபேனை நிறுத்தினார்.

"வயித்துல இருக்கும்போதும் மில்லுக்குப் போனியா?"

"ஒம்பதாம் மாசம் வரைக்கும் போனேங்க."

"அப்ப சங்கு அதுக்குப் பழகியிருக்கும். வேற சத்தம் குடுத்துப் பாப்போம். யாரும் பேசாதீங்க. பிள்ளைய அசைக்காதம்மா."

நர்ஸ் ஒரு கிலுகிலுப்பையோடு அன்னக்கிளியின் முதுகுக்குப் பின்னால் குனிந்தாள். டாக்டரம்மா குழந்தையின் இமையையே பார்த்தார். எதிரே நின்ற கலியபெருமாளும் பார்த்தார்.

கிலுகிலுப்பை மெல்ல ஒலித்தது. குழந்தை அசையவில்லை. மறுபடி ஒலித்தது. இமை துடித்தது. அடுத்த காதுப் பக்கம் ஒலித்ததும் சின்னக் கைகள் இரண்டும் விரிந்து மூடின.

அன்னக்கிளிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துக் கலியபெருமாள் பதறிப்போனார்.

"ஏன் அழுவுற? டாக்டரம்மா, ஆட்டச் சொல்லுங்கம்மா. இன்னும் ஆட்டவே இல்லியே!"

நர்ஸ் கிலுகிலுப்பையோடு எழுந்து நின்றாள்.

அன்னக்கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டு உதட்டை அசைத்தாள். 'கேக்குது. பிள்ளைக்குக் கேக்குது.'

கலியபெருமாள் நர்சின் கையிலிருந்த கிலுகிலுப்பையை வாங்கித் தன் காதோரம் வைத்து ஆட்டினார். அடுத்த காதுக்கு மாற்றி, வேகமாக ஆட்டினார். மடியில் குழந்தை விழித்து வீறிட்டு அழுதது. அவர் ஆட்டிக்கொண்டே இருந்தார்.