சாப்பாட்டுத் திட்டத்துக்கு ஓர் ஒத்திகை

டைல்ஸ் மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தரையாக இருந்தாலும் சிமெண்டைக் கலக்குவதற்கு முன்னால் ஒருதரம் டைல்ஸை வெறுமனே பரப்பிப் பார்த்துவிடுவார். வாசலில் முழுக் கல் வருகிறதா, வெட்டுத் துண்டு எந்த மூலையில் போய் விழுகிறது, எத்தனை பெட்டி மிஞ்சும் என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். ஒட்டின பிறகு தலையில் கைவைத்து உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது? இருபத்திரண்டு வருஷம் முழங்காலைத் தேய்த்ததில் அவர் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

அதனால், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குள்ளேயே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவைப் பரப்பிப் பார்த்துவிடுவது என்று அவர் முடிவு செய்ததில் வீட்டில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை ராத்தங்கலோடு இரண்டு நாள் பயணம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர வேறெதற்கும் அந்தக் குடும்பம் மூட்டை கட்டினதில்லை. நுழைவுச்சீட்டு வாங்கியாயிற்று. பூங்காவை ஒட்டியே அறையும் போட்டாயிற்று. எதுக்கும் இருக்கட்டும் என்று மேஸ்திரி சின்ன அடுப்பு வைத்த அறையாகப் பார்த்துப் போட்டிருந்தார். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. முன்கூட்டியே காசு கட்டிவிட்டால் இரண்டு நாளும் அங்கேயே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சாப்பாட்டுத் திட்டம். அதை வாங்குவதா, விடுவதா? அறையில் தங்குகிற அத்தனை பேரும் சேர்ந்தால்தான் கொடுப்பார்களாம். அதுவும் அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணியோடு பதிவை நிறுத்திவிடுவார்களாம்.

பெரிய மகளுக்குப் பதினாலு வயசு. எதற்கும் சட்டம் பேசுவதால் வீட்டில் அவள் பெயர் வக்கீல். அவள்தான் போனைப் பார்த்து வாசித்தாள்.

"ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு பெரிய சாப்பாடு ஒண்ணு, சின்ன சாப்பாடு ஒண்ணு, நொறுக்குத்தீனி ரெண்டு. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் தம்ளர். ஜூஸ் எத்தனை தடவை வேணும்னாலும் ரொப்பிக்கலாம்."

"எத்தனை தடவை வேணும்னாலுமா?" என்று எழுந்தே நின்றுவிட்டான் மச்சான். மேஸ்திரியின் மனைவிக்குத் தம்பி, லிஃப்ட் மெக்கானிக், இன்னும் கல்யாணமாகாத பையன். சாப்பாடு என்று வந்துவிட்டால் அவன் வயிற்றுக்கு அடியே கிடையாது. "மாமா, இதுல யோசிக்க என்ன இருக்கு? கட்டுங்க காசை!"

"நீ ஒருத்தன் தின்னு ஜெயிக்கறதுக்கு நாங்க நாலு பேரும் சேர்ந்து கட்டணுமா?" என்றார் மேஸ்திரி.

அவர் மனைவி ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரி. வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு முந்நூறு தட்டு. பயணம் என்று பேச்சு எடுத்த அன்றைக்கே அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். "எனக்கு ராட்டினமும் வேணாம், ஒண்ணும் வேணாம். ரெண்டே ரெண்டு நாள் அடுப்பு முன்னாடி நிக்கக்கூடாது. அதுக்குச் சம்மதம்னா நானும் வரேன்."

"ராணி மாதிரி உக்காந்திரு," என்று மேஸ்திரியும் தாராளமாகச் சொல்லியிருந்தார். ஆனால் திட்டம் கட்டுப்படியாகாது என்று வந்துவிட்டால் அறையில் இருக்கிற அந்த அடுப்பைப் பற்றவைத்தாக வேண்டும். பற்றவைக்கிறது யார் என்று அவர் அதுவரைக்கும் நினைத்துப் பார்க்கவில்லை. அவள் நினைத்துப் பார்த்திருந்தாள்.

ஒத்திகை ஒன்பது மணிக்குத் தொடங்கியது. டைல்ஸ் பெட்டி அட்டையை வக்கீல் துண்டு துண்டாக நறுக்கி, ஆளுக்கு நாலு சீட்டு என்று கட்டிவைத்தாள். சமையலறை வாசல்தான் சாப்பாட்டுக் கடை. சீட்டைக் கொடுத்தால் தட்டு கிடைக்கும். மாடிப்படி நாலு அடுக்கும் ஏறி இறங்கினால் ஒரு ராட்டினம். எட்டு வயசு வாலு, அதாவது சின்ன மகள், படி ஏறினால் பத்தாது, கத்தவும் வேண்டும் என்றாள். அதுவும் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

"கத்தினா பசி சீக்கிரம் எடுக்கும். கணக்கு சரியா வரணும்ல?" என்றார் மேஸ்திரி. மாடிப்படி முழுக்க ஒரே கூப்பாடு.

"இன்னொண்ணு இருக்குப்பா," என்றாள் வக்கீல். "பெரிய ராட்டினத்துக்கு நாப்பது நிமிஷம் வரிசையில நிக்கணும்னு போட்டிருக்கு."

"அப்ப நிப்போம்."

மூன்றாம் மாடி நடையில் நாலு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக வரிசை கட்டி நின்றார்கள். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே போனாள். இரண்டு குடத்தோடு வந்து மச்சானுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"குழாய்ல தண்ணி எப்ப நின்னுச்சு? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"தண்ணி இல்லக்கா, ராட்டினம்," என்றான் மச்சான்.

"என்ன ராட்டினமோ, எனக்கு ரெண்டு குடம் கிடைச்சா போதும்," என்றாள் அவள். அதற்குள் கீழ்வீட்டிலிருந்தும் இரண்டு பேர் வாளியோடு ஏறி வந்துவிட்டார்கள். வாலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டாள். வரிசையைக் கலைத்து எல்லோரையும் அனுப்பிவைக்க மேஸ்திரிக்கு மிச்ச அரைமணி நேரமும் சரியாகப் போயிற்று.

உள்ளே சமையலறையில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. பூங்காவில் என்னென்ன கிடைக்கும் என்று போனில் படம் இருந்ததால் அதே மாதிரி வேண்டும் என்று வாலு அடம்பிடித்திருந்தாள். வறுத்த கோழி, உருளைக்கிழங்குச் சீவல், முட்டை வைத்த ரொட்டி, பழச்சாறு. சீட்டு நீட்ட நீட்டத் தட்டு வந்தது. மச்சான் ஒரு மணிக்குள்ளேயே நாலு சீட்டையும் காலி செய்துவிட்டு, வாலுவின் சீட்டை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"செல்லாது. ஒருத்தர் சீட்டை இன்னொருத்தர் நீட்டக்கூடாது. விதியில இருக்கு," என்றாள் வக்கீல்.

"உன்னைக் கட்டிக்கப்போறவன் பாவம்டி," என்றான் மச்சான். அதற்குள் தம்ளரை ஒன்பதாவது தடவையாக ரொப்பிக்கொண்டான்.

நாலரை மணிக்கு மேஸ்திரி ஒத்திகையை நிறுத்தினார். முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. ஆனாலும் முகத்தில் ஒரு பிரகாசம். புதுத் தரையைத் துடைத்துவிட்டு வாசலில் நின்று பார்க்கிறபோது வருமே, அந்தப் பிரகாசம். நாலு பேரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். வக்கீல் சீட்டுகளை எண்ணினாள்.

"மாமா நாலுக்கு நாலு. நான் மூணு. அப்பா ரெண்டு. வாலு ரெண்டு, அதுலயும் பெரிய தட்டுல பாதியை மிச்சம் வெச்சிட்டா. மொத்தம் பதினாறு சீட்டுல பதினொண்ணுதான் ஆகியிருக்கு. நூறு ரூபா கட்டினா எழுபதுக்குக்கூட நம்ம தின்னு தீர்க்கல."

"பாத்தியா! பாத்தியா!" மேஸ்திரி தொடையில் தட்டினார். "பரப்பிப் பாக்காம ஒட்டியிருந்தா முப்பது ரூபா மண்ணுக்குள்ள! திட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம். அறையிலதான் அடுப்பு இருக்கே. அரிசியும் பருப்பும் கட்டி எடுத்துட்டுப் போயிட்டா..."

"அப்பா," என்றாள் வக்கீல், குரல் இறங்கி. "இது யாரோடது?"

தண்ணீர்க் கூஜாவுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டுக் கட்டு கிடந்தது. நாலு சீட்டு. போட்ட ரப்பர் வளையம் போட்டபடியே இருந்தது.

சமையலறையில் அவள் அம்மா பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்டது. காலையில் ஒரு வாய் டீ குடித்ததோடு சரி, அதற்குப் பிறகு அவள் எதையும் வாயில் போட்டதை ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

டைல்ஸ் வேலைக்குப் புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தப்புச் செய்வார்கள். அறையை நாலு பக்கமும் அளப்பார்கள். கொண்டுவந்த பெட்டிகளை அடுக்கிவைத்திருக்கிற மூலையை மட்டும் அளக்காமல் விட்டுவிடுவார்கள். கண்ணுக்கு எதிரேதான் இருக்கும், ஆனால் கணக்கில் வராது. எத்தனையோ பேரை அதற்காக மேஸ்திரி வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்.

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். அவள் கையிலிருந்த நாரைப் பிடுங்கித் தொட்டிக்குள் போட்டார். "வா. வந்து உக்காரு," என்றார். வக்கீல் ஒரு தட்டில் கோழியும் ரொட்டியும் வைத்துக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் வைத்தாள். அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

"அங்கயும் இதே மாதிரிதான்னா நான் வரலைங்க," என்றாள், கோபமில்லாமல். அதுதான் மேஸ்திரிக்கு இன்னும் உறைத்தது. "நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க. இங்கயே இருந்தா எனக்கு ஒரு தட்டோடயாவது வேலை முடிஞ்சிடும்."

"அம்மா வரலைன்னா நானும் வரமாட்டேன்," என்று வாலு உதட்டைப் பிதுக்கினாள்.

மேஸ்திரி பதறிப்போனார். "போகட்டும், நஷ்டமானாலும் பரவாயில்ல. திட்டத்தையே போட்டுடலாம். நீ ஒரு துரும்பைக் கிள்ளிப் போட வேணாம்."

"அம்மா நாலு சீட்டையும் தின்னாக்கூட நூத்துக்கு எழுபத்தஞ்சுதான்பா," என்று முனகினாள் வக்கீல். சட்டம் சட்டம்தானே.

"நஷ்டம்னு தெரிஞ்சும் எதுக்குங்க போடணும்?" என்றாள் அவள். "எங்க கேன்டீன்ல மாசத்துக்குன்னு மொத்தமா கூப்பன் வாங்கறவங்க இருக்காங்க, அப்பப்ப காசு கொடுத்து வாங்கறவங்களும் இருக்காங்க. காசு கொடுக்கறவன் பசிக்குத் தின்னுட்டுப் போயிடுவான். கூப்பன்காரனைப் பாக்கணுமே, மாசக் கடைசியில பத்து பத்து பிஸ்கட் பாக்கெட்டா அள்ளிட்டுப் போவான். கேட்டா, கூப்பன் வீணாப்போகுதே என்பான். பிஸ்கட்டும்தான் வீணாப்போகும். அந்தப் படத்தைக் காட்டுடி."

வக்கீல் போனை நீட்டினாள். பெரிய சாப்பாட்டுத் தட்டின் படம். அம்மா எச்சில் படாத கையால் அதைப் பெரிதாக்கினாள். ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"முள்கரண்டியைப் பாரு. எங்க கேன்டீன்லயும் இதே அளவுதான். தட்டு ரெண்டு முள்கரண்டி அகலம் இருக்கு. இது ஒரு ஆள் தட்டே இல்ல. ரெண்டு பேர் தாராளமா சாப்பிடலாம்."

"படத்துல பெருசாத்தான்மா காட்டுவாங்க."

"கோழியை ஊதிக் காட்டலாம். முள்கரண்டியை எப்படி ஊதுவான்?"

மச்சான் கைதட்டிவிட்டான். அவள் நிறுத்தவில்லை. "திட்டம் போட்டா ஆளுக்கொரு தட்டு வந்து விழும், வேணுமோ வேணாமோ. போடலைன்னா பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு, எனக்கும் உங்களுக்கும் ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு. மூணே தட்டு."

"எனக்கு மட்டும் முழுசா ஒண்ணா!" மச்சானுக்கு வாயெல்லாம் பல்.

"காலையில ரொட்டியும் பழமும் கடையில வாங்கிக்கலாம். ஜாம் தடவறதுக்கு அப்பா இருக்காரு, பூச்சு வேலை அவருக்குக் கைவந்ததுதானே. எனக்கு இன்னொண்ணு தெரியணும். அடுப்பு இல்லாத அறை என்ன விலை?"

மேஸ்திரி விழித்தார். அடுப்பு இருந்தால் மிச்சம் என்றுதான் அவர் நினைத்தாரே தவிர, அடுப்புக்கே ஒரு வாடகை இருக்கும் என்பது அவர் மண்டையில் ஏறவேயில்லை. வக்கீலின் விரல் போனில் ஓடியது. திடீரென்று அவள் கீச்சென்று கத்தினாள்.

"அம்மா! ஒரு ராத்திரிக்கு வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? பெரிய தட்டு மூணு! சரியா மூணு தட்டுக் காசு!"

"அப்ப அடுப்பை விட்டா சாப்பாடு வந்துடுது," என்றார் மேஸ்திரி மெல்ல. பிறகு பெரிய குரலில், "அடுப்பை விட்டா சாப்பாடு வந்துடுது! மாத்து, உடனே மாத்து! மணி என்ன?"

அறையை மாற்றுவதற்கும் அதே ஆறு மணிதான் கெடு. மணி ஐந்து நாற்பது. வக்கீல் அழுத்தினாள். போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜன்னலோரம் போனாள், அங்கேயும் சுற்றிற்று.

"மொட்டை மாடியில நல்லா கிடைக்கும்!" என்றான் மச்சான்.

அவ்வளவுதான். ஐந்து பேரும் படியில் பாய்ந்தார்கள். முன்னால் மகளிடமிருந்து போனை வாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேஸ்திரியின் மனைவி, பின்னால் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் மச்சான், கடைசியில் ஒரு கை கம்பியிலும் ஒரு கை முழங்காலிலுமாக மேஸ்திரி. எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து, "இப்பவாவது தண்ணியா?" என்று கேட்டாள். நின்று பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

மாடியில் காற்று தள்ளியது. வட்டம் நின்றது. பக்கம் திறந்தது. சமையல் வசதி தேவையா என்று ஒரு கேள்வி, அதற்குக் கீழே இரண்டு கட்டம்.

"நீயே அமுக்கு," என்றார் மேஸ்திரி, மூச்சு வாங்க.

அவள் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு, 'வேண்டாம்' என்ற கட்டத்தை அழுத்தினாள். அறை மாற்றப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தபோது ஐந்து ஐம்பத்திரண்டு. வாலு போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டடத்துப் புறாக்கள் மொத்தமும் எழும்பிப் போயின. மச்சான் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சுற்றினான்.

மேஸ்திரி போனைத் திருப்பி வாங்கக் கை நீட்டினார். அவர் மனைவி கொடுக்கவில்லை. சாப்பாட்டுப் படங்களை எல்லாம் தள்ளித் தள்ளிவிட்டுக் கீழே எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஆளைத் தலைகீழா தொங்கவிட்டுச் சுத்துதே, இது எது?"

"அது பெரியவங்க ஏறற ராட்டினம்மா. பூங்காவுலயே உயரமானது," என்றாள் வக்கீல்.

"நான் ஏறறேன்."

"உனக்குத்தான் ராட்டினமே வேணாம்னியே," என்றார் மேஸ்திரி.

"அது அங்கயும் அடுப்பு முன்னாடிதான் நிக்கப்போறேன்னு நினைச்சப்ப சொன்னது. நீங்களும் என் பக்கத்துல உக்காருங்க."

மேஸ்திரி கைப்பிடிச் சுவருக்கு அப்பால் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தார். "நான் கீழ நின்னு பை எல்லாத்தையும் பாத்துக்கறேனே. யாராவது பாத்துக்கணும்ல?"

"பையைத் தம்பி பாத்துக்குவான். நீங்க ஏறுங்க." அவள் கண் போனை விட்டு அகலவேயில்லை. "முதல் நாள் காலையில முதல் வேலையா ஏறிடுவோம். மத்தியானம் ஏறினா, காசு கொடுத்து வாங்கின தட்டு உள்ள தங்காது."