ஒரு நேரத்துக்கு ஒரு தலை

கதவைத் தட்டியவள் தான் யாரென்று சொன்னதும் அயர்ன்காரிக்கு முதலில் வந்தது ஏமாற்றம்தான்.

"பகல்ல இந்தக் கட்டில்ல தூங்குறவ நான்" என்றாள் வந்தவள்.

மூன்று வருஷமாக ஒரே கட்டில், ஒரே தலைமாடு. ஆனால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததில்லை. வீட்டுக்காரம்மா அந்த அறையை இரண்டு பாதியாக வாடகைக்கு விட்டிருந்தாள். நடுவே தட்டி வைத்துப் பிரிக்க அங்கே இடம் ஏது? கையை நீட்டிச் சோம்பல் முறித்தால் இரண்டு பக்கச் சுவரும் 'என்ன வேணும்' என்று கேட்கும். அதனால் பொழுதைப் பிரித்துவிட்டாள். ராத்திரி, சலவைக் கடையில் பகலெல்லாம் துணி தேய்க்கிற அயர்ன்காரிக்கு. பகல், ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைக்கிற இவளுக்கு. இவள் இறங்கித் தெரு திரும்பின பிறகு அதே படியில் அவள் ஏறுவாள். கட்டில் சூடு ஆறினதே கிடையாது. முட்டையை வைத்திருந்தால் இந்நேரம் கோழிப்பண்ணையே நடத்தியிருக்கலாம்.

அந்தக் கட்டிலின் நடுவே ஒரு பள்ளம். மழைக்காலத்தில் மீன் விடலாம், அவ்வளவு ஆழம். இதைத் தோண்டினவள் யானைக்கு அத்தை மகளாகத்தான் இருக்கவேண்டும் என்று அயர்ன்காரி தினமும் படுக்கும்போது மனசாரத் திட்டிவிட்டுத்தான் தூங்குவாள். கடைசியில் வந்து நிற்பதோ கொடியில் காயப்போட்ட துண்டு மாதிரி ஒருத்தி. கொஞ்சம் காற்றடித்தால் கிளிப் மாட்டவேண்டும்.

வந்தவளும் இவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏண்டி, நீயா அது? பீப்பாய் கணக்கா ஒருத்தின்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

"நானும்தாங்க்கா. உங்களை இன்னும் பெரிசா நெனச்சேன்."

"அப்ப பள்ளம் பறிச்சது யாரு?"

"கட்டிலுக்கு ஒரு நாளாவது லீவு விட்டோமா? நீங்க எந்திரிச்சா நான் விழறேன், நான் எந்திரிச்சா நீங்க."

ஆஸ்பத்திரிக்காரி சிரித்தாள். சிரிக்கும்போதே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். ராத்திரி வேலை முடிந்து கிளம்புகிற நேரத்தில், இன்றிலிருந்து உனக்குப் பகல் டூட்டி என்று சொல்லி அப்படியே நிறுத்திக்கொண்டார்களாம். ராத்திரியும் பகலும் சேர்த்துத் துடைத்துவிட்டு வருகிறாள்.

"ராத்திரி நானும் இங்கயே படுத்துக்கட்டுமான்னு வீட்டுக்காரம்மாகிட்ட மத்தியானமே ஃபோன்ல கேட்டுட்டேன். பகல் பாதிக்கு அதுக்குள்ள வேற ஆள் பிடிச்சிட்டா. ஒரு நேரத்துக்கு ஒரு தலை, மீறினா ரெண்டு தலையும் தெருவுலன்னுட்டா. என் பையை எடுத்துட்டுப் போறேன்."

"எங்க போவீங்க?"

"பஸ் ஸ்டாண்டு எவ்ளோ பெரிசா இருக்கு. சிமெண்டு பெஞ்சு. பள்ளமே கிடையாது."

அயர்ன்காரி வழிவிட்டாள். வேறென்ன செய்வது? வீட்டுக்காரம்மா சொன்னால் செய்கிறவள். பக்கத்து அறைக்காரி ஒரே ஒரு நாள் தங்கையைத் தங்க வைத்ததற்கு, அவள் பாத்திரமெல்லாம் தானாகவே படியிறங்கிப் போனது. அந்தச் சத்தத்தில் தெருக்கோடி வரை யாரும் ஒரு வாரம் தூங்கவில்லை. தண்ணீரும் தலைக்கு ஒரு வாளி. குடிக்க, பொங்க, குளிக்க எல்லாம் அதற்குள்தான். அதை இரண்டாகப் பிரித்தால் குளிப்பது நெற்றியோடு நின்றுவிடும். இந்த அறை கிடைக்கும் முன் சலவைக் கடையின் அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவில் அவள் சுருண்டு கிடந்ததுண்டு. எவனோ வேர்த்த வேர்வையை மோந்துகொண்டு மறுபடி அங்கே படுக்க அவளால் முடியாது. பாவம்தான் இந்த அக்கா. பாவப்பட்டால் ஆகுமா? பையை எடுத்துக்கொண்டு போகட்டும், கதவைச் சாத்திவிடலாம்.

ஆஸ்பத்திரிக்காரி கட்டிலுக்கடியில் குனிந்து பையின் காதைப் பிடித்தாள். "அந்த ஜன்னலைத் திறந்து போட்டுட்டே போவியே, வெயில் மூஞ்சியிலயே அடிக்கும், ஒரு நாளாச்சும் உன்னைப் பார்த்துக் கேக்கணும்னு..." என்று ஆரம்பித்தவளிடமிருந்து மீதியைக் காணோம். உட்கார்ந்த வாக்கில், தலை கட்டில் சட்டத்தில் சாய்ந்து, வாய் திறந்தபடி தூங்கிவிட்டாள். கை மட்டும் பையை விடவில்லை.

அப்போது படியில் காலடி கேட்டது. வீட்டுக்காரம்மா ஏறினால் படி மட்டுமில்லை, பக்கத்துக் கட்டிடமே முனகும்.

அயர்ன்காரி ஆஸ்பத்திரிக்காரியின் தோளைத் தொட்டாள். எலும்புதான் கையில் தட்டியது. உலுக்கப்போன கையை எடுத்துக்கொண்டு வெளியே எட்டினாள். வாசலில் அவள் கழற்றிவிட்டிருந்த, வார் அறுந்து ஊக்கு குத்தின இரண்டு செருப்பையும் அள்ளி உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள்.

காலடி கதவுக்கு வெளியே நின்றது. இரண்டு தட்டு.

"உள்ள யாரு?"

இந்தக் கேள்விக்கு மூன்று வருஷமாக இந்த அறையிலிருந்து ஒரே பதில்தான். வீட்டுக்காரம்மா எந்நேரம் தட்டினாலும், யார் உள்ளே இருந்தாலும், பாதித் தூக்கத்திலும் தானாக வருகிற பதில்.

"நான்தாம்மா" என்றாள் அயர்ன்காரி.

"நான்தாம்மா" என்றாள் ஆஸ்பத்திரிக்காரி, கண்ணைத் திறக்காமலே.

கதவிடுக்கில் விழுந்திருந்த வெளிச்சத்தில் இரண்டு பாதங்களின் நிழல் அப்படியே நின்றது. அயர்ன்காரி மார்போடு அணைத்திருந்த செருப்பைக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.