பாலத்தடியில் ஒரு சினை மீன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் டெல்பர்ட், பாலத்துக்குக் கீழே நங்கூரத்தைப் போட்டபோது டெலவேர் ஆற்றில் எங்களைத் தவிர ஒரு படகுகூட இல்லை. மே மாதக் கடைசி. ஆற்றங்கரை லைலாக் பூவெல்லாம் உதிர்ந்து, தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது. கடலிலிருந்து முட்டையிட ஏறி வந்த ஷேட் மீன்கள் வந்த வேலையை முடித்துக்கொண்டு, வயிறு ஒட்டிப்போய்க் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. புத்தியுள்ளவர்கள் படகைக் கரையேற்றிக் கவிழ்த்தாயிற்று. இவருக்கு மட்டும் சினையோடு ஒரு பொட்டை மீன் வேண்டும். அதுவும் அன்றைக்கே வேண்டும்.

எல்லாம் அவர் வாயால் வந்த வினை. ஏப்ரலில், மீன் முட்டி மோதி ஏறிக்கொண்டிருந்த நேரம், அவருடைய அண்ணன் ஆர்வில் எங்கள் படகுக்கு நேர் முன்னால் நங்கூரம் போட்டுவிட்டார். ஒருத்தன் தூண்டில் போட்டிருக்கும் ஓட்டத்தை இன்னொருத்தன் மறிப்பது இந்த ஆற்றில் பெரிய குற்றம். ஆனால் ஆர்விலுக்குப் பார்வை மங்கியது எங்களுக்கெல்லாம் தெரியும். வரிசையாக நின்ற அத்தனை படகும் கேட்க டெல்பர்ட் கத்தினார்: "லோயிஸ் போனதோட உனக்குக் கண்ணும் போயிடுச்சா?" லோயிஸ் ஆர்விலின் மனைவி. அந்தக் குளிர்காலத்தில்தான் அவளைப் புதைத்திருந்தோம். ஆர்வில் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போனவர்தான், பிறகு ஆற்றுப் பக்கமே வரவில்லை.

இவர்கள் குடும்பத்தில் மன்னிப்பு என்று யாரும் வாயைத் திறந்து கேட்பதில்லை. தப்புச் செய்தவன் ஒரு சினை ஷேட்டைப் பிடித்து, அதன் நூற்றுக்கணக்கான நுணுக்க முள்ளையும் உட்கார்ந்து உருவி எடுத்து, மற்றவன் சமையலறை மேசையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவன் சினையைப் பன்றிக் கொழுப்பில் வறுப்பான். இரண்டு பேரும் சாப்பிட்டால் கதை முடிந்தது. ஏப்ரல் முழுக்க எங்கள் படகில் மீன் குவிந்தது. "இதைக் கொண்டுபோய்க் குடுய்யா" என்று ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டினேன். "இதுவா? நான் பேசின பேச்சுக்கு இது பத்தாது" என்பார். இதைவிடப் பெரிசு வரும், இதைவிடப் பெரிசு வரும் என்று ஊருக்கெல்லாம் தானம் பண்ணினார். கடைசியில் மீனும் நின்றது. ஆர்வில் வீட்டைக் காலிசெய்து ஃப்ளோரிடாவுக்கு மகளிடம் போகிறார், ஞாயிறு கிளம்புகிறார், இனி திரும்பமாட்டார் என்று சேதி வந்தது.

"வெறுங்கையோட போய் ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வாயேன்" என்றேன்.

"வெறுங்கையோடயா?" அம்மணமாகப் போகச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார்.

அதனால்தான் படகில் உட்கார்ந்திருந்தோம். விடிந்ததிலிருந்து இரண்டு மீன் வந்தது. இரண்டும் காலி வயிறு. திருப்பி விட்டார். வெயில் ஏறிய பிறகு தூண்டில் கோல் வளைந்தது. நைலான் நரம்பு கிறீச்சென்று ஓடியது. அது முட்டையிட்டு இறங்குகிற மீன் இல்லை, எனக்கே தெரிந்தது. அவர் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு களை வந்தது.

அப்போதுதான் தலைக்கு மேலே பாலத்தின் இரும்புத் தளம் ஒரு வண்டி ஓடி ரீங்கரித்து, சத்தம் சட்டென்று நின்றது. அண்ணாந்து பார்த்தேன். மூட்டை முடிச்சோடு ஆர்விலின் பழைய நீல வண்டி. மகள் ஓட்ட, பக்கத்துச் சன்னலுக்கு வெளியே அவர் தலை.

"என்னடா மாட்டியிருக்கு?"

ஏப்ரலுக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு. 

"பொட்டை. நல்ல பெரிசு" என்றார் டெல்பர்ட், நரம்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் நில்லு."

"இழுக்காதடா. வாய் கிழிஞ்சிடும். அது போக்குல விடு."

"எனக்குத் தெரியும்."

பின்னால் ஒரு வண்டி ஆரன் அடித்தது. ஒற்றை வண்டி போகிற பாலம் அது. இன்னொன்றும் அடித்தது. ஷேட்டுக்குக் காகிதம்போல வாய், அவசரப்படுத்தினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. டெல்பர்ட் விட்டு விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், "நரம்பை அறுத்து விடுய்யா. மேல பாரு. மனுஷன் நிக்கிறார்."

"மீனில்லாம அவன்கிட்ட என்னத்தைச் சொல்றது?" என்றார். 

ஆரன் விடாமல் அலறியது. ஆர்வில் பின்னால் திரும்பிப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். "சரிடா. பாத்து ஏத்து. நான் வரேன்" என்றார். எனக்குக் கையை ஆட்டினார். இரும்புத் தளம் மறுபடி ரீங்கரித்து, அந்தப் பக்கத்துக் கரையில் அடங்கியது.

நான்தான் கைவலையை நீட்டி மீனை ஏந்தினேன். வயிறு புடைத்து, அந்த வருஷம் நாங்கள் பார்த்ததிலேயே பெரியது. டெல்பர்ட் வலையை என் கையிலிருந்து பிடுங்கி, படகு ஆட ஆட எழுந்து நின்று, பாலத்தை நோக்கி உயர்த்திப் பிடித்தார். மேலே ஆர்வில் நின்ற இடத்தில் ஆரன் அடித்த வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்த பையன் சன்னலில் எட்டிப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். டெல்பர்ட் வலையை இறக்கவில்லை. மீன் செவுளைத் திறந்து திறந்து மூடியது. அதன் தண்ணீர் அவர் சட்டைக் கைக்குள் வழிந்துகொண்டிருந்தது.