உச்சந்தலையில் ஒரு முஷ்டி

"உங்க அக்கா மேடையில மாதிரியே வீட்லயும் கத்துவாங்களா?" என்று ஒருமுறை ஒரு பத்திரிகைக்காரர் அவளைக் கேட்டார்.

சலவை ஆலையில் வேலை முடிந்து வாசலுக்கு வந்தவளை மடக்கிக் கேட்ட கேள்வி அது. இயந்திரங்களின் இரைச்சல் இன்னும் காதை விட்டு இறங்கியிருக்கவில்லை. அவர் வாய் அசைவதைப் பார்த்துத்தான் கேள்வியைப் புரிந்துகொண்டாள். "எங்க வீட்ல எல்லாருமே கத்துவோம்" என்றாள். அதையும் கத்தித்தான் சொன்னாள். பத்திரிகைக்காரர் ஓரடி பின்னால் போய்விட்டார். மறுநாள் பத்திரிகையில், 'கோபத்தில் பிறந்த குடும்பம்' என்று பெரிய எழுத்தில் வந்தது.

கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. காதுதான் காரணம். அம்மா இளவயதில் சலவை ஆலைக்குள் போனவள். ஓய்வு பெற்று வெளியே வந்தபோது அவளுடைய காதுகள் இரண்டும் அவளுக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தன. அம்மாவிடம் உப்பு எங்கே என்று கேட்க வேண்டுமானாலும் தெருமுனை வரைக்கும் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆரம்பத்தில் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கே தெரிந்துபோயிற்று.

அந்தக் குரலோடுதான் அக்கா மேடை ஏறினாள். ராக் பாட்டு. தோளில் கிடார், முழங்கை வரை சுருட்டிய சட்டை, அடித்தொண்டையிலிருந்து எழும்பும் குரல். ஒரு பேட்டியில், "இந்தக் குரலுக்கு எங்கே பயிற்சி எடுத்தீங்க?" என்று கேட்டதற்கு, "சலவை ஆலையில. தாகம்னா அங்க இந்தச் சத்தத்துலதான் தண்ணி கேக்கணும்" என்றாள். மந்திரியைப் பற்றிக் கேட்டால் மந்திரியைப் பற்றி நினைத்ததைச் சொன்னாள். முதலாளிகளைப் பற்றிக் கேட்டால் அதையும் சொன்னாள். பாதி ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. மீதி ஊர் வாயாடி, அடங்காதவள், வளர்ப்பு சரியில்லை என்றது. வளர்த்தவளிடம் இதைச் சொன்னால், "என்னது, வழுக்குதா? எங்க வழுக்குது?" என்று கேட்டு, சொன்னவரை வெறுங்கையோடு அனுப்பிவிடுவாள்.

அக்கா ஆலையை விட்டுப் பாடப் போன பிறகும் தங்கை அங்கேயே இருந்தாள். அவளுக்கு இருந்த பெயர் மறைந்து, 'பாட்டுக்காரி தங்கச்சி' என்றாகி, அதுவும் தேய்ந்து வெறும் 'தங்கச்சி' என்று நின்றது. அவளைவிட வயதில் சின்னவர்களும் தங்கச்சி என்றே கூப்பிட்டார்கள். இதனால் அந்த ஆலையில் யாருக்கும் அவளைக் காதலிக்க வழியில்லாமல் போயிற்று. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆலையில் வெள்ளைத் துணிதான் நாள் முழுக்க. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஓட்டல் மேசை விரிப்பு. துவைத்துப் பிழிந்து வரும் ஈர விரிப்பை, ஆள் நீளத்துக்கு மேல் அகலமான சூடான உருளைக்குள் இந்தப் பக்கம் ஒருவர் விட வேண்டும். அந்தப் பக்கம் உலர்ந்து, இஸ்திரி போட்டு வருவதை இன்னொருவர் வாங்கி மடிக்க வேண்டும். நடுவில் உருளை உயர்ந்து நிற்பதால், விடுகிறவரின் தலை மட்டும்தான் மடிக்கிறவருக்குத் தெரியும். தோளோ கையோ தெரியாது. கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாவற்றுக்கும் சைகை இருந்தது. மூக்கைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார். காதைப் பிடித்தால் துணி கிழிந்திருக்கிறது. முஷ்டியை உச்சந்தலையில் வைத்தால் கை மாட்டிக்கொண்டது, நிறுத்து.

அந்தக் கடைசிச் சைகைக்கு மட்டும் யாரும் யோசிக்கக் கூடாது. யார் காட்டினாலும், எதற்குக் காட்டினாலும், பார்த்தவர் முதலில் சிவப்புப் பொத்தானை அடிக்க வேண்டும். விசாரணையெல்லாம் அப்புறம்.

அக்காவின் முதல் பெரிய கச்சேரியில் நடந்தது இதுதான். கூட்டம் முண்டியடித்ததில் ஒரு பெண் முன்வரிசைத் தடுப்புக் கம்பியில் நசுங்கிக் கொண்டிருந்தாள். மேலேயிருந்து பார்த்த அக்கா, ஒலி பார்க்கிறவனுக்குத் தெரியட்டும் என்று முஷ்டியைத் தூக்கி உச்சந்தலையில் வைத்தாள். ஆலைக்கை, தானாகப் போய்விட்டது. ஒலி பார்க்கிறவன் ஆலையில் வேலை செய்தவன் இல்லை. இன்னும் சத்தத்தைக் கூட்டினான். கூட்டம் மொத்தமும் அவளைப் பார்த்து முஷ்டியைத் தலையில் வைத்துக்கொண்டு குதித்தது. அந்தப் பெண்ணைப் பக்கத்தில் இருந்த யாரோ இழுத்து வெளியே போட்டார்கள், பிழைத்துக்கொண்டாள். மறுநாள் பத்திரிகைகள் அதைக் கலகத்தின் முத்திரை என்று எழுதின. அதன் பிறகு, அன்று அவள் பாடிக்கொண்டிருந்த அந்தப் பாட்டு வந்தாலே முஷ்டி. பனியன்களில் முஷ்டி, சுவர்களில் முஷ்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸை நிறுத்த முஷ்டி.

ஆலைக்குள்ளும் அது வந்தது. காலையில் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக முஷ்டி. சாப்பாட்டு மணி அடித்தால் முஷ்டி. உருளைக்கு அந்தப் பக்கம் விரிப்பு மடிக்கும் தாடிக்காரன் அக்காவின் பரம ரசிகன். கச்சேரிக்குக் கச்சேரி போய்த் தொண்டை கட்டிக்கொண்டு வருவான். "தங்கச்சி, நேத்து உங்கக்கா பிச்சு உதறிட்டாங்க" என்பான், கரகரவென்று. அவளுக்கும் அப்போதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஈர விரிப்பின் ஓரத் தையல் அவள் விரல்களில் சுற்றிக்கொண்டது. உருளைக்கு முன்னால் ஒரு காவல் கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நிற்கும். சும்மா சும்மா நிற்கிறது, வேலை கெடுகிறது என்று மேஸ்திரி அதைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். துணி இழுத்தது, விரல்களும் கூடப் போயின. அவள் மற்றொரு கையைத் தூக்கி, முஷ்டியை உச்சந்தலையில் வைத்தாள்.

தாடிக்காரன் பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்தது. மடித்த விரிப்பைக் கீழே வைத்துவிட்டு, அவனும் தன் முஷ்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, கச்சேரியில் ஆடுவதுபோல ஆடினான்.

அவள் கத்தினாள். வாய் அசைவதைப் பார்த்து, பாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவனும் பாடினான்.

இயந்திரங்களுக்கு எண்ணெய் விடும் பெரியவர் அந்த வழியாக வந்தார். அவருக்குச் சுத்தமாகக் காது கேட்காது. அக்காவின் பாட்டு எப்படியிருக்கும் என்று உலகத்தில் தெரியாத மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். எண்ணெய்க் குவளையைப் போட்டுவிட்டு ஓடி வந்து பொத்தானை அடித்தார்.

மூன்று விரல்கள் வெந்து தோல் உரிந்தன. எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்கவைத்த கட்டிலில் விரித்திருந்தது அவர்கள் ஆலையில் வெளுத்த விரிப்புதான். ஓரத் தையலைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தாடிக்காரன் வெளியே நடைபாதையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

அந்த வாரமே அக்கா வந்தாள். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தலைக்கவசத்தைக் கழற்றாமல் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் நுழைந்தாள்.

"யாருடி அது, கேஸ்காரனா?" என்றாள் அம்மா.

"நான்தாம்மா!"

"அப்படியா? கேஸ் தீரலையேன்னு பார்த்தேன்."

அக்கா தங்கையின் கட்டுப்போட்ட கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "வளையுதா?"

"வளையும்னு டாக்டர் சொல்றாரு."

"அந்த மேஸ்திரி கம்பியைக் கட்டி வச்சிருந்தானாமே? நாளைக்கே டிவியில அவன் மானத்தை வாங்கறேன் பாரு. முதலாளியையும் சேர்த்து."

"வாங்கு. ஆனா நான் கையைக் காட்டினேன்க்கா."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"தாடி பார்த்தான். பார்த்துட்டு அவனும் கையைத் தலையில வச்சுக்கிட்டு ஆடினான்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து போய் அதை இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் சொல்லாம இருந்தேன்னா நினைக்கற? எத்தனை மேடையில சொன்னேன் தெரியுமா? இது வெளையாட்டு இல்ல, கை மாட்டிக்கிட்டா காட்டறதுன்னு. என்ன பண்ணாங்க தெரியுமா? கை தட்டினாங்க. எதைச் சொன்னாலும் தட்டறாங்கடி. மந்திரியைத் திட்டினாலும் தட்டறாங்க. அன்னைக்கு ஒருநாள் மைக் வேலை செய்யலைன்னு சொன்னேன், அதுக்கும் தட்டினாங்க."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப அந்தப் பாட்டை விட்டுடு."

"அதை விட்டா எங்களை யாரு கூப்பிடுவா? டிரம்ஸ் அடிக்கறவனுக்கு இப்பத்தான் குழந்தை பொறந்திருக்கு. நான் ஒருத்தி மட்டும் இல்லடி."

"அங்க இன்னும் ஆளுங்க துணி விட்டுக்கிட்டுதான் இருக்காங்க. எனக்குப் பெரியவர் வந்தாரு. அடுத்தவளுக்கு?"

"நான் என்னதாண்டி பண்றது? வேற எப்படித்தான் சொல்றது?"

"எனக்கு என்ன தெரியும். நமக்கு மட்டும் யாரு சொல்லிக் குடுத்தா? கை தலைக்குப் போனா நிறுத்தினாங்க. நாமளும் நிறுத்தினோம்."

"என்னடி ரெண்டு பேரும் இப்படிக் குசுகுசுன்னு பேசறீங்க?" என்றாள் அம்மா. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பணிமனைக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் கச்சேரி. சொந்த ஊரில் பாடுகிறாள் என்று ஆலை மொத்தமும் வந்திருந்தது. தாடிக்காரன் முன்வரிசையில் நின்றான். அம்மாவுக்கு மேடையை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. தங்கை பக்கத்தில் நின்றுகொண்டாள். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்ட இடத்தில் அம்மா மட்டும் சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் கொஞ்சம் கேக்குது" என்றாள்.

அக்கா வழக்கம்போல் பாட்டுக்கு நடுவில் பேசினாள். மேஸ்திரி கட்டிய கயிற்றைப் பற்றிப் பேசினாள். முதலாளி தன் கையை விட்டு ஒருநாள் ஓட்டிப் பார்க்கட்டும் என்றாள். கைதட்டல் வானத்தைப் பிளந்தது. தங்கை தட்டவில்லை. தட்டவும் முடியாது.

பிறகு அந்தப் பாட்டு வந்தது. டிரம்ஸ் தொடங்கியது. முதல் அடி முடிந்தது. பல்லவி வந்த இடத்தில் மைதானம் மொத்தமும் முஷ்டியை உச்சந்தலையில் வைத்தது.

அக்கா பின்னால் திரும்பி வெட்டுவதுபோல் கையை வீசினாள். டிரம்ஸ் நின்றது, கிடார் நின்றது. அவளும் நிறுத்தினாள்.

கூட்டம் ஆரவாரம் செய்தது. ஏதோ புதிதாகச் செய்கிறாள் என்று நினைத்தது. அக்கா மேடை விளிம்புக்கு வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, வரிசை வரிசையாகப் பார்த்தாள். அந்தப் பார்வை தங்கைக்குத் தெரியும். ஆலையில் இயந்திரம் நின்றதும், யார், எந்தக் கை என்று தேடுகிற பார்வை. ஆரவாரம் ஓய்ந்து, கைகள் இறங்கின. அக்கா தலையசைத்தாள். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

முஷ்டிகள் ஏறின. பாட்டு நின்றது.

இந்த முறை சிரிப்பு. அடுத்த முறை விசில். "பாடு! பாடு!" என்று ஒரு மூலையிலிருந்து கிளம்பி எல்லாப் பக்கமும் பரவியது. "வாய் மட்டும் நீளம்!" என்று யாரோ கத்தினார்கள். தண்ணீர்ப் பாட்டில் ஒன்று மேடையில் வந்து விழுந்து உருண்டது. டிரம்ஸ்காரர் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். அவள் பாட்டிலை எடுத்து ஓரமாக நிறுத்தி வைத்துவிட்டு, மறுபடியும் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு தேடினாள்.

கத்திக் கத்தி ஓய்ந்த கூட்டம் ஒரு கணம் மூச்சு வாங்கிய நேரம் அது. அம்மா பக்கத்தில் நின்ற மகளிடம் ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏண்டி நிறுத்திட்டா? யாரு கை மாட்டிக்கிச்சு?"

மைதானத்தின் கடைசி வரைக்கும் கேட்டது. உப்பு டப்பாவைக் கேட்கிற குரல்.

சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களைப் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆலைக்காரர்கள் நின்ற பக்கம் சத்தமே இல்லை. தாடிக்காரன் முஷ்டி பாதி வழியில் நின்றது. அவன் கண் மேடையோரம் வந்து, வெள்ளைக் கட்டுப் போட்ட கையில் நின்றது. கை மெல்ல இறங்கித் தாடியைத் தடவியது, பிறகு பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

பாட்டு தொடங்கியது. பல்லவி வந்தது. முன்பக்கம் ஒரு கையும் இல்லை. எங்கோ பின்னால், விளக்குக் கம்பத்துக்கு அருகில், சில முஷ்டிகள் இருந்தன. வீம்புக்கோ, கேட்காததாலோ.

அக்கா நிறுத்தினாள். அந்தச் சில கைகளையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவை இறங்கவில்லை. மேடைக்குப் பின்னாலிருந்து கச்சேரி ஏற்பாடு செய்தவர், "ஏதாவது பேசும்மா! ரெண்டு வார்த்தை பேசு!" என்று கெஞ்சினார். மைதானமும் அவள் பேசினால் கை தட்டத்தான் காத்திருந்தது.

அவள் மைக்கைத் தாங்கியில் மாட்டினாள். அதன் பொத்தானை அழுத்தி அணைத்தாள். கிடாரைக் கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்துப் படிகளில் இறங்கி வந்தாள். தங்கையின் தோளில் ஒரு நொடி கை வைத்தாள். பிறகு தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, கூட்டம் விலகிக் கொடுத்த வழியில் நடந்து போனாள்.