பலகையைச் சுற்றிய கற்கள்

வருஷா வருஷம் மே மாதக் கடைசித் திங்களன்று, இறந்தவர்களுக்குப் பூ வைக்கும் நாளில், லூஷியஸ் டால்பர்ட் வந்துவிடுவார். கல்குவாரியில் உழைத்து முதுகு வளைந்த கிழவர். கையில் ஒரு துடைப்பம், பிளாஸ்டிக் பூ, வறுத்த கோழிப் பொட்டலம்.

எங்கள் பூங்காவின் பின்கோடியில், பைன் மரங்களுக்கு நடுவே பழைய கறுப்பர் இடுகாடு இருக்கிறது. பேர் வெட்டிய கல் ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் காலத்தில் வயலில் கிடந்த கல்லைத் தூக்கிவந்து தலைமாட்டில் நட்டார்கள், அவ்வளவுதான். எது யாருடையது என்று சொந்தக்காரர்களுக்குத் தெரியும். சொந்தக்காரர்களில் இப்போது மிச்சம் இவர் ஒருத்தர். சின்ன வயதில் செத்த தம்பி ரூஃபஸின் கல்லருகே புல்லைச் சுரண்டி, மண் தெரியப் பெருக்கி, பூவைச் செருகிவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார். நான் கவுண்டி நிர்வாகத்தின் பூங்காக்களில் புல் வெட்டுகிறவன். அவர் இருக்கும்வரை புல்வெட்டு வண்டியின் எஞ்சினை அணைத்து வைப்பேன்.

இந்த வருஷம் துடைப்பத்தோடு நின்றுகொண்டே இருந்தார். எதிரே வெறும் புல்.

"டேய் டார்னெல், கல்லெல்லாம் எங்கடா?"

வசந்தம் முழுக்க என்னை வேறு பூங்காவுக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்கும் அப்போதுதான் கண்ணில் பட்டது. பாரம்பரிய தினத்துக்காகத் தொண்டர்கள் வந்து சுத்தம் செய்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன். சுத்தமாகத்தான் செய்திருந்தார்கள். புதைத்த இடங்களில் அமுங்கிக் கிடந்த குழிகளை மண் கொட்டி நிரவி, புல் விரித்து, கற்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் வாசலில் பூப்பாத்திக்கு வரப்பு கட்டியிருந்தார்கள். பாத்திக்கு நடுவில் புதுப் பலகை: 'இங்கே துயில்பவர்களை மதிப்போம்.'

லூஷியஸ் முட்டிபோட்டுப் பாத்தியைச் சுற்றித் தவழ்ந்தார். வெள்ளைக் கோடு ஓடிய கல்லில் கை நின்றது.

"இதான். எங்கப்பா தோள்ல தூக்கிட்டு வந்தாரு. பின்னாலயே நானும் நடந்து வந்தேன்."

பூங்கா மேலாளர் மார்சிக்குப் போன் போட்டேன். "அடக் கடவுளே, நல்லதுன்னு நெனச்சுல்ல செஞ்சாங்க! எடத்தக் காட்டச் சொல்லுப்பா, இப்பவே நட்டுடு" என்றாள்.

கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பின்னால் போனேன். அவர் நடந்தார், நின்றார், திரும்பினார்.

"மெல்பா அத்தை கல்லத் தாண்டி இடது பக்கம் திரும்புவேன். இப்ப அந்தக் கல்லும் இல்லியே."

"மரத்துலேருந்து எத்தன அடின்னு ஞாபகம் இருக்கா மாமா?"

"அடி அளந்துக்கிட்டாடா தம்பியப் பாக்கப் போவாங்க?"

வெயில் ஏறிவிட்டது. "உத்தேசமா இங்க வெச்சிரலாமே மாமா" என்றேன்.

"எவளோ ஒருத்தி தலைமாட்டுல ரூஃபஸுக்குப் பூ வெக்கச் சொல்றியா? போடா மடையா."

கல்லை அவருடைய காருக்குத் தூக்கிப்போய் முன்சீட்டில் வைத்தேன். சாவியைத் திருப்பியதும் கார் கீங்கீங்கென்று கத்தியது. பக்கத்து சீட்டில் இருக்கும் ஆள் பெல்ட் போடவில்லையாம்.

"எஸ்டெல் போனதுக்கப்புறம் இது கத்துனதே இல்ல" என்றார். எஸ்டெல் அவர் மனைவி. பெல்ட்டை இழுத்துக் கல்லின்மேல் மாட்டினார். சத்தம் நின்றது. கோழிப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

"நீ தின்னு."

"அடுத்த வருஷம் வருவீங்கல்ல?"

"எங்க வர்றது?"

கார் போனதும் எஞ்சினை முடுக்கினேன். முன்பெல்லாம் கல்லுக்குக் கல் வளைந்து ஓட்டுவேன். அன்றைக்கு வளைய வேண்டிய தேவையே இல்லை. சீக்கிரமே முடிந்துவிட்டது.