தட்டில் விழுந்த வட்டங்கள்

அக்கா மகளின் சிறுநீரில் வளர்ந்த கிருமியைச் சோதனைத் தட்டில் நானே பூசி, மேலே வெவ்வேறு மருந்து தோய்ந்த காகித வில்லைகளை வைத்தேன். லேபில் வேறு யாரையும் தொட விடவில்லை. நான்கு வயதுக் குழந்தையின் சிறுநீரகத்துக்குள் புகுந்து உடம்பை அனலாகக் கொதிக்க வைத்த கிருமி அது. ஊசியில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் இரண்டு புறங்கையும் கன்றிப்போய், இனி குத்த நரம்பில்லை. வாய்வழி மருந்துக்கு மாறினால் எது என்று என் தட்டுதான் சொல்ல வேண்டும். தப்பான மருந்தென்றால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம். அது ஆயுசுக்கும் மாறாது.

காலையில் தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். தினமும் பார்ப்பதுதான், இருந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை. கண்ணாடியில் பனி படர்ந்ததுபோலத் தட்டெங்கும் கிருமி. இரண்டு மருந்து வில்லைகளின் விளிம்பு வரை ஏறி உட்கார்ந்திருந்தது. வேறு இரண்டைச் சுற்றி மட்டும் ஒரு பொட்டுக் கிருமி இல்லை. காம்பஸ் வைத்துப் போட்டதுபோல வட்டம். கண்ணுக்கே தெரியாத ஒன்று, "இதுக்கு மேல வராதே" என்று கோடு கிழித்திருந்தது!

நைட்ரோஃபுரான்டாயின் என்ற மருந்தின் வட்டம்தான் பெரியது. வார்டுக்கு ஓடினேன்.

"அக்கா, மருந்து கிடைச்சிருச்சு!"

"இனிமே குத்த மாட்டாங்களேடி?"

"குத்தினா அந்த ஊசியைப் பிடுங்கி அவங்களுக்கே குத்தறேன்."

"நான் அவங்க கையைப் பிடிச்சுக்கறேன் சித்தி," என்றாள் குழந்தை.

அப்போதுதான் டாக்டர் வந்தாள். என் வயதுதான். தாத்தா காலத்திலிருந்து டாக்டர் குடும்பம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்ததே நான்தான். அவளைக் கண்டாலே எனக்கு எரியும். எந்த மருந்து என்று சொன்னேன்.

"அது வேணாம். ரெண்டாவது வட்டம், செஃபிக்சிம் எழுதறேன்," என்றாள்.

"அதைவிட இது நாலு மில்லிமீட்டர் பெருசு. நான் அளந்தது பொய்யா?"

"அளவு சரிங்க. ஆனா தட்டுக்குக் கிட்னி இல்லையே! உங்க மருந்து ரத்தத்துல நிக்காது, நேரா மூத்திரத்துல இறங்கிடும். மூத்திரப்பையில இருக்கற கிருமியைத் துவம்சம் பண்ணும். கிட்னி சதைக்குள்ள இருக்கறதை ஒண்ணும் பண்ணாது. அதோட, ஒவ்வொரு மருந்துக்கும் தனி அளவுகோல். ரெண்டு வட்டத்தைப் பக்கத்துல வச்சு அளக்கலாமா? உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அட்டவணை பார்த்துத்தான் ரிப்போர்ட் எழுதுகிறேன். நம் வீட்டுக் குழந்தை என்றதும் புத்தி பெரிய வட்டத்தில் போய் விழுந்துவிட்டது.

அக்கா என்னையே பார்த்தாள். "நீ என்னடி சொல்ற?"

"அவங்க சொல்றதுதான் சரி." சொல்வதற்குள் காது சுட்டது.

முதல் வேளை மருந்தை நான்தான் ஊட்டினேன். முகத்தைச் சுளித்து விழுங்கினாள். அந்த ஒரு வாய் மருந்து குடலில் இறங்கி, ரத்தத்தில் ஏறி, உடம்பெல்லாம் சுற்றி, என் விரல் நீளமே உள்ள ஒரு சிறுநீரகத்தின் சதைக்குள் போய் வேலை பார்க்கும். யாரும் வழிகாட்ட வேண்டாம். அவள் வயிற்றின் மேல் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள். "காய்ச்சல் திரும்பலடி. ஒண்ணுக்குப் போறப்ப அழவே இல்ல, பாட்டுப் பாடறா."

மாடிப்படியில் டாக்டரைப் பிடித்துச் சொன்னேன். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பாடா! மூணு நாளா எனக்குச் சோறே இறங்கலங்க."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.