சிவப்பு வயர்

துணி உலர்த்தும் டிரையரின் முதுகுத் தகட்டைக் கழற்றியதும் மெக்கானிக்குக் கண் சிவந்தது.

உள்ளே ஒரு சிவப்பு வயர். இரண்டு முனையிலும் கிளிப். தெர்மல் ஃப்யூஸின் இரண்டு கால்களையும் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தது. சூடு எல்லை மீறினால், தான் செத்து மெஷினை நிறுத்த வேண்டிய ஃப்யூஸ் அது. அது செத்துத்தான் இருந்தது. ஆனால் கரண்ட் அதைச் சுற்றிக்கொண்டு, வயர் வழியாக ஹாயாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வயரை அவருக்குத் தெரியும். கடை மேஜையில் உட்கார்ந்து அவரே வெட்டிக் கிளிப் வைத்தது. சோதனைக்கு மட்டும்.

"என்ன, பேச்சையே காணோம்?"

கதவு நிலையில் சாய்ந்து நின்றாள் வீட்டுக்காரி. நர்ஸ். டியூட்டி உடுப்பைக்கூட மாற்றவில்லை. கையில் கருகிய தலையணை உறை.

"உங்க ஆளு வந்தாரு. உட்கார்றதுக்குள்ள ஓட வச்சுட்டுப் போனாரு. என்ன வேகம்னு பக்கத்து வீட்லல்லாம் பெருமையடிச்சேன். இன்னிக்கு இது. நான் வீட்ல இருந்ததால பிளக்கைப் பிடுங்கினேன். டியூட்டில இருந்திருந்தா?"

"உங்க மேல தப்பு இல்லம்மா."

"அது எனக்கே தெரியும். யார் மேலன்னு சொல்லுங்க."

மெக்கானிக் பின்பக்கக் காற்றுக்குழாயை உருவினார். உள்ளே பஞ்சு அடைத்துக்கொண்டு கிடந்தது, இன்னொரு தலையணைக்கு ஆகும். சூடான காற்று வெளியே போக வழியில்லை. அதனால்தான் ஃப்யூஸ் போயிருக்கிறது. வந்தவன் குழாயைத் தொட்டே பார்க்கவில்லை.

வந்தவன் அவருடைய மச்சான். மனைவியின் தம்பி. வேகத்தைப் பார்த்துத் தெருவே வைத்த பெயர் மின்னல்.

போன் போட்டார். "நர்ஸம்மா வீட்டுக்கு வா. இப்பவே."

பைக்கில் பறந்து வந்து இறங்கினான் மின்னல். வாசலிலேயே மறித்தார். வயரை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்னது?"

"ஐயோ, இங்கயா இருந்துச்சு..."

"நம்ம கடையில என்னடா சட்டம்?"

மின்னல் தரையைப் பார்த்தான். சட்டம் சின்னதுதான். சோதனை வயரை மாட்டும்போது வண்டிச் சாவியை அந்த வயரிலேயே கோத்துவிட வேண்டும். வயரைக் கழற்றாமல் சாவி கைக்கு வராது. சாவி வராமல் வேன் நகராது. இத்தனை வருடத்தில் ஒரு வயரும் எந்த மெஷினிலும் தங்கியதில்லை.

"சாவி எங்க கோத்த?"

"இப்பதான் நான் பைக்ல வரேனே அத்தான்."

"பைக்குக்குச் சாவி இல்லையா?"

"சாவியைப் பைக்லயே விட்டுட்டுதான் வீட்டுக்குள்ள போவேன். சட்டுனு கிளம்பலாம்ல."

மெக்கானிக் பல்லைக் கடித்தார். அப்போதுதான் அது உறைத்தது. வயர் தொலைஞ்சுபோச்சு அத்தான், வேற குடுங்க என்று மூன்று முறை வந்து நின்றிருக்கிறான் இவன். கவனமில்லாத பயல் என்று திட்டிக்கொண்டே கொடுத்திருக்கிறார்.

"மூணு வயர் தொலைஞ்சுது. ஒண்ணு என் கைல இருக்கு. ரெண்டாவது?"

"தையல்காரர் வீடு. ஃப்யூஸ் ஸ்டாக் வரல அத்தான். வந்ததும் மாத்திடலாம்னு..."

"மூணாவது?"

மின்னல் பைக் பக்கம் ஒரு அடி நகர்ந்தான்.

"அக்கா வீடு."

அக்கா வீடு என்றால் மெக்கானிக்கின் வீடு.

"டிரையர் ஓடலன்னு அக்கா உங்ககிட்ட சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போச்சாம். என்னைக் கூப்பிட்டு..."

மெக்கானிக் அதற்குள் மனைவியைப் போனில் அழைத்திருந்தார். அவள் வேலையில் இருந்தாள்.

"டிரையர் ஓடுதா?"

"துணியைப் போட்டுட்டுதான் வந்தேன். சாப்பிட்டுட்டுப் பட்டனை அழுத்துங்கன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன். ஏன்?"

அப்பா. மெக்கானிக்கின் மாமனார். மதியம் சாப்பிட்டதும் காது மெஷினைக் கழற்றி வைப்பார். கதகதப்பாக இருக்கிறது என்று டிரையர் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுத் தூங்குவார்.

"பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணிக் கதவைத் தட்டச் சொல்லு." மின்னல் பக்கம் திரும்பினார். "ஏறுடா வேன்ல."

வேன் சீறியது.

"தையல்காரரைப் போன்ல பிடி. பிளக்கைப் பிடுங்கச் சொல்லு." அவர் பிடுங்கிவிட்டார். அந்தக் கவலை ஒழிந்தது. அடுத்து மனைவியின் அழைப்பு. கதவு உள்ளே தாழ், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தட்டித் தட்டிக் கைதான் வலிக்கிறதாம், அப்பா எழவில்லையாம்.

"தற்காலிகமாத்தான் வச்சேன் அத்தான்."

"யாருக்குடா தற்காலிகம்? உங்கப்பாவுக்கா?"

மின்னலின் கை டேஷ்போர்டை இறுகப் பிடித்திருந்தது.

வீட்டு வாசலில் கூட்டம். மெக்கானிக் கம்பியை விட்டு நெம்பினார். தாழ் தெறித்தது. உள்ளே கருகல் நாற்றம். டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு கை தூரத்தில், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு கிழவர் குறட்டை.

மின்னல் டிரையர் கதவில் கை வைத்தான். மெக்கானிக் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"திறக்காத. உள்ள கங்கு இருந்தா, காத்து போனதும் குப்னு பிடிச்சுக்கும். அப்பாவைத் தூக்கு."

பிளக்கைப் பிடுங்கினார். தகட்டைத் தொட்ட விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். துண்டு, தலையணை சகிதம் கிழவரை மின்னல் வாசலுக்குக் கொண்டு போனான்.

சூடு அடங்கும்வரை யாரையும் உள்ளே விடவில்லை மெக்கானிக். பிறகு திருப்புளியை மின்னலிடம் கொடுத்தார். "நீயே திற."

ஹீட்டரைச் சுற்றிப் பஞ்சு கறுத்துக் கிடந்தது. ஓர் ஓரம் சாம்பலாகியிருந்தது. சிவப்பு வயரின் மேல்தோல் இளகி வழிந்திருந்தது. மின்னல் அதைக் கழற்ற மூன்று முறை முயன்றான். நான்காவது முறைதான் அது கையோடு வந்தது.

வாசலில் கிழவர் காது மெஷினை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கறீங்க?"

"உங்க பையன் சொல்வான் மாமா."

மின்னல் சொன்னான். மெதுவாக, தரையைப் பார்த்து.

"கேக்கல. திரும்பச் சொல்லு."

அவருக்குக் கேட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். மின்னல் திரும்பச் சொன்னான், இந்த முறை தெருவுக்கே கேட்கும்படி. கிழவர் எழுந்து மகன் பக்கம் வந்தார். அடிப்பார் என்று மெக்கானிக் நினைத்தார். கிழவர் செருப்பைத் தேடினார்.

"எங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"அந்தத் தையல்காரர் வீட்டுக்கு, அந்த நர்ஸு வீட்டுக்கு. இவன் பாதி சொல்லி பாதி முழுங்குவான். நான் பக்கத்துல நிக்கணும். முன் சீட்டு எனக்கு."

"என்மேலயும் தப்பு இருக்கு மாமா. உங்க பொண்ணு சொன்னப்பவே நான் பார்த்திருக்கணும்."

"அதை அவ வந்து கேப்பா. அவ கையில மாட்டுங்க, எனக்கென்ன."

மின்னல் பின்னால், பழைய மோட்டார்களுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தான். வேன் கிளம்பியதும் முன்பக்கம் தலையை நீட்டினான்.

"அத்தான், முதல்ல நர்ஸம்மா வீட்டுக்கே போயிடலாமா? பைக் அங்க நிக்குது. சாவியோட."

"முதல்ல தையல்காரர்," என்றார் மெக்கானிக்.

"யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?"

"போகட்டும்," என்றார் கிழவர், திரும்பிப் பார்க்காமல்.

மெக்கானிக் கியரை மாற்றினார்.